மதகுக்குள் கிடந்த நாய்

நாய் ஓடுகிறது. நானும் ஓடுகிறேன். பின்னால் சீனவெடி. படபடவென்று, விடாமல்.

துறைமுகப் பக்கம். வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால். கடை திறப்பு விழாவுக்கு வெடி கொளுத்தினார்கள். கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த நான் குப்புற விழுந்தேன். வயது அறுபத்திரண்டு. உடம்பு அப்படித்தான் பழகியிருக்கிறது. தலையைத் தூக்கினால், பக்கத்தில் மண்ணிறத் தெருநாய் ஒன்றும் வயிறு தரையில் ஒட்டக் கிடந்தது.

அது எழுந்து ஓடியது, நானும் பின்னால் ஓடினேன். போகிற வழியில் கடை ஆள் ஒருவனின் காலைக் கவ்விவிட்டது. பொல்லுத்தடியோடு துரத்தினார்கள். வீதியோர மதகுக்குள் புகுந்தது.

"அண்ணை, கிட்டப் போகாதேங்கோ. விசர் நாய்."

விசர் இல்லை. பயம். எனக்குத் தெரியும். ஒருவன் இரும்புக் கம்பியை உள்ளே விட்டுக் குத்துகிறான். நாய் குரைக்கவில்லை. அழுகிறது. அந்தச் சத்தத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன்.

சண்டைக் காலம். கடலோரம் எங்கள் வீடு. முற்றத்தில் பங்கர், நானே வெட்டிய பதுங்குகுழி. உள்ளே பிள்ளையார் படம், ஒரு விளக்கு, நான், மனைவி பரமேஸ்வரி. தூரத்தில் பீரங்கியால் செல் குத்தும் சத்தம் முதலில் வரும். டும். பிறகு எண்ணுவோம். எட்டில் விழும். எங்கள் நாய் மணியன் எங்களுக்கு முன்னே உள்ளே பாய்ந்துவிடும். ஒரு நாள் எனக்குக் கந்தசஷ்டி விரதம். சாமி இருக்கிற இடத்தில் நாய் ஏலாது என்றேன். காலால் வெளியே தள்ளினேன். வாசலில் நின்று அழுதது.

"அதுவும் உயிர்தானேப்பா" என்றாள். சத்தம் ஓய்ந்ததும் அதைக் கூட்டிவர வெளியே போனாள்.

டும். ஒன்று. இரண்டு.

"பரமேசு, விழுந்து படு."

ஐந்தில் விழுந்தது.

பங்கருக்குள் விளக்கு அணையவில்லை. நாயைக் காலால் தள்ளியதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. மறந்துபோகக் கூடாது என்று எழுதுகிறேன்.

மதகுக்குள் குத்தியவனின் கம்பியைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க ஆர் கேக்க? உங்கட நாயோ?"

"ஓம். என்ட நாய்தான்."

பொய். முருகன் பொறுப்பான். வேட்டியோடு மதகடிச் சாக்கடைக் கானுக்குள் இறங்கி, அழுக்குத் தண்ணீரில் படுத்தேன். மேலே சிரிப்பு. "ஐயா நாய்க்கு அர்ச்சனை செய்யப் போறார். தேங்காய் கொண்டு வாங்கோடா." கையை நீட்டினேன். கடித்தது. கையை எடுக்கவில்லை. திரும்பவும் கடித்தது. மூன்றாம் முறை கடிக்கவில்லை.

சால்வையில் சுற்றித் தூக்கினேன். முதுகில் ஒரு கல் விழுந்தது. ஓட்டோக்காரர் ஏற்ற மறுத்தார். பாலையூற்றில் இருக்கும் வீடு வரை நடந்தேன்.

வாசலில் அக்கா மறித்தார். "சஷ்டி நாளில நாயை உள்ள கொண்டு வராதே. நீ விரதமெல்லோ?"

"தள்ளு அக்கா."

இறக்கிவிட்டதும் நேரே சாமியறைக்குள் ஓடியது. படங்களுக்குக் கீழே சுருண்டது. நான் துரத்தவில்லை. கதவைச் சாத்தி, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

அன்று போனவை: சமைக்கிற குசினி. இரண்டு தென்னை. மணியன். என் மனைவி பரமேஸ்வரி, வயது முப்பத்தெட்டு.

இன்று போனவை: சால்வை. வலது கைத் தோல் கொஞ்சம். விரதமும் போயிற்று என்கிறார் அக்கா.

உயிர் ஒன்றும் போகவில்லை.