அட்டையில் விரல் வைத்த பெயர்

தூசி எனக்கு ஆகாது, சார். வண்ணார்பேட்டையில் என் கடை, ஆவுடைநாயகம் பிரவுசிங் சென்டர் என்றால் செருப்பை வாசலில் விட்டுத்தான் வர வேண்டும். இந்தத் தொண்ணூற்றொன்பதில் அவ்வளவு சுத்தமான கடை ஊரில் வேறு கிடையாது.

மும்தாஜ் பேகம் பத்தமடையிலிருந்து வாரம் ஒருமுறை வருவாள். அவளும் கணவரும் வெளிநாட்டுக்குப் பாய் அனுப்புகிறவர்கள். அதற்கான பணம், இணையத்தில் பணம் வாங்கித் தரும் ஒரு கம்பெனியில் அவர்கள் வைத்திருந்த கணக்கில் வந்து சேரும். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. மெயில்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். கள்ள மெயிலைக் கண்டுபிடிக்கவும் நானே சொல்லிக்கொடுத்தேன். நிஜக் கம்பெனி உங்கள் பெயர் போட்டு எழுதும், அவசரப்படுத்தாது, பாஸ்வேர்டு கேட்கவே கேட்காது.

ஆடியில் அவள் கணவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அதற்குரிய பணம் முழுவதும் அந்தக் கணக்கில் கிடந்தது. அப்போதுதான் கம்பெனி பெயரில் நான் ஒரு மெயில் எழுதினேன். பாடம் மண்டையில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

நான் வாசித்துச் சொன்னதும் பிரிண்ட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். ஆங்கிலத்தில் தன் பெயர் எப்படியிருக்கும் என்பது அவளுக்குக் கண்பழக்கம்.

“எம்பேரு இல்லியே அண்ணாச்சி. பாஸ்வேர்டு வேற கேக்கான். இது கள்ளக் கடுதாசி மாதிரில்லா இருக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

“இப்பம் புதுச் சட்டம், தங்கச்சி. இன்னைக்குள்ள குடுக்கலேன்னா கணக்கை மூடிருவான்” என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. பாஸ்வேர்டு அவள் கணவரின் பெயர். அதை அவள் வாயால் சொல்ல மாட்டாள் என்றுதான் அவர் அப்படி வைத்திருக்கிறார். தன் வாக்காளர் அட்டையை எடுத்தாள். கணவர் பெயர் என்ற வரியில் விரலை வைத்தாள்.

“இத அப்படியே அடிங்க, அண்ணாச்சி.”

முகம்மது மைதீன். ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன்.

அன்றே பணத்தை என் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். ஆபரேஷன் தள்ளிப்போனது. பதினோராம் நாள் மைதீன் இறந்துபோனார். அடக்கத்துக்கு நானும் மையவாடி வரைக்கும் கூட நடந்தேன். பிறகு கடைக்கு ஏசி போட்டேன்.

அவள் யார் யாரையோ சந்தேகப்பட்டாள், சொந்த அண்ணன் மகனைக்கூட. கம்பெனிக்குப் புகார் எழுத வாராவாரம் என்னிடமே வந்தாள். எல்லாவற்றையும் நானே எழுதிக்கொடுத்தேன். ஒன்றுக்குக்கூடக் காசு வாங்கவில்லை, சார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.