கார்டு வெள்ளிக்கிழமை வரும்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வெளிச்சத்தைத்தான். பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக மின்னினால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். பதினான்கு வருஷமாக உதிரிபாகக் கடையில் வாரன்டி கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எது பழுதாகித் திரும்பி வரும், எது வராது என்று எனக்கு அத்துப்படி. என் தம்பிக்கு நான் சேர்த்துக் கொடுத்த மெஷினில் ஒரு பாகம்கூடப் பழுதானதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

அவன் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவனுக்கு ஒன்பது. அடுத்த வருஷம் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை, பிள்ளைகளுக்கு வருவது. தினமும் ஊசி போட்டே ஆக வேண்டும். போட்டதெல்லாம் நான்தான். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்று, வந்ததும் ஒன்று. கல்லூரிக்குப் போன பிறகும் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் எதிரில் வந்து நிற்பான். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டவர்களிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். யாரும் இரண்டாம் தடவை வரவில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

படிப்பு முடிந்ததும் அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கூடப் படித்த பெண் ஒருத்தி சொல்லி வாங்கிக் கொடுத்தது. மாதக் கடைசியில் போய்ச் சேர வேண்டும். அவன் பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் தூசி தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஸ்கூல் படிக்கும்போதிருந்து கேட்டுக்கிட்டிருந்தியே, கேம் ஆடுற கம்ப்யூட்டர். பண்ணிரலாமாடா?" என்றேன்.

மூன்று நாள் சாப்பாட்டு மேஜையில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். அந்த மூன்று நாளைப் போல நாங்கள் சிரித்துப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. அவன் எடுத்த எடுப்பில், திரையில் பெரிய விளையாட்டுகளை ஓட வைக்கிற கிராபிக்ஸ் கார்டு கேட்டான். நம் வசதிக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது என்று பக்குவமாகச் சொன்னேன். கடையில் எல்லாரிடமும் சொல்வதுதான். பவர் சப்ளையில் சிக்கனம் பார்க்காதே, இன்றைய தேவையைவிடப் பெரியதாகவே இருக்கட்டும். மதர்போர்டில் ராம் போட நாலு இடம் இருக்கட்டும், இப்போதைக்கு இரண்டை நிரப்பினால் போதும். நாளைக்கு வரப்போகிற பிராசஸரும் உட்காருகிற மாதிரி சாக்கெட் பார்த்து எடு. கார்டு பிறகு வரட்டும், அதுவரை பிராசஸருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸை வைத்துச் சின்ன விளையாட்டுகளை ஆடு.

"கார்டு எப்பக்கா வரும்?"

"வெள்ளிக்கிழமை வரும். புது ஸ்டாக்."

அந்த வெள்ளிக்கிழமை கார்டு வரவில்லை, அடுத்ததிலும் வரவில்லை. வேலையில் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டான். ஒரு தடவை தள்ளினார்கள், இன்னொரு தடவையும் தள்ளினார்கள். அப்புறம் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நான் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். மதர்போர்டு வாங்கிய அன்றே அதையும் வாங்கி, கடையில் என் லாக்கரில் வைத்திருந்தேன்.

ஒருவன் ஏதோ ஒன்றுக்குக் காத்துக்கொண்டிருக்கும்வரை இடத்தைவிட்டு நகர மாட்டான். இது நான் கவுன்டரில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. மாற்றுப் பொருள் வரும் என்று சொல்லிவிட்டால், தினமும் வந்து திட்டுவார்களே தவிர வேறு கடைக்குப் போக மாட்டார்கள்.

அப்படியே நாலு வருஷம் போயிற்று. ஊருக்குப் போகிறேன் என்று பேச்செடுத்தால் ராம் வரும். அடுத்த தடவை வேகமான டிஸ்க் வரும். அப்புறம் அகலத் திரை, புது பிராசஸர். மெஷினில் இடம் இருந்துகொண்டே இருந்தது. அவன் வெளுத்துப் போனான். கால் விரலில் வந்த புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அதற்கும் கட்டுப் போட்டது நான்தான். அந்தப் பெண் ஒருமுறை வாசலுக்கே வந்தாள். "தூங்குறான்மா" என்றேன். உள்ளே துப்பாக்கிச் சத்தமும் அவன் கத்துவதும் கேட்டுக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள், படியிறங்கிப் போனாள்.

போன புதன்கிழமை மாலை வேலை முடிந்து வந்தபோது, அவன் அறையில் மெஷின் இருந்த மேஜை காலியாக இருந்தது. எல்லாவற்றையும் அவனே பிரித்து, அதது வந்த அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்தான். சுத்தமான வேலை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"வித்துட்டேன்க்கா. நாளான்னிக்கு ஒருத்தர் வந்து எடுத்துக்குவாரு. ஞாயித்துக்கிழமை நான் கிளம்புறேன்."

"புதுக் கார்டு ஒண்ணு வருதுடா. வெள்ளிக்கிழமை..."

"வேணாங்க்கா. நீ எல்லாத்தையும் முன்னாடியே வாங்கி வச்சிருந்தேன்னு எனக்குத் தெரியும். வாரன்டி சீட்டுல தேதி போட்டிருக்கே. ரெண்டு வருஷமாத் தெரியும். தெரிஞ்சும் இங்கயே கிடந்தேன் பாரு, அதான் வெக்கமா இருக்கு."

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். ஆனால் தணிவாகத்தான் பேசினான். பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். "ஊசியும் நானே போட்டுக்கிட்டேன். வலிக்கவே இல்ல. இனிமே நீ நிம்மதியா இரு, அக்கா" என்றான்.

நிம்மதியாக இரு என்று அவன் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழன் காலை அவன் தூங்கும்போது குளிர்பெட்டியிலிருந்த ஊசி மருந்தையெல்லாம் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவன் போனையும் எடுத்துக்கொண்டு அறையை வெளியே பூட்டினேன். கதவைத் தட்டினானா என்று கேட்கிறீர்கள். தட்டினான், முதல் நாள் முழுக்க. கீழ்வீடு காலி, ஜன்னலுக்கு எதிரே கிடங்குச் சுவர். குளியலறை அறைக்குள்ளேயே இருந்தது, அதனால் தண்ணீருக்குத் தட்டுப்பாடு இல்லை. வெள்ளிக்கிழமை வந்த ஆளிடம் விற்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். தட்டுகிற சத்தம் அதற்கு முன்பே நின்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் காத்து நின்ற அந்தப் பெண்தான் திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது சனிக்கிழமையைப் பற்றி.

சனிக்கிழமை லீவு போட்டேன். மதியம் கதவைத் திறந்தேன். கட்டிலில் கிடந்தான். நாலு மாடி ஓடி ஏறியவன் மாதிரி மூச்சு வாங்கினான். வாயில் அழுகிய பழ வாடை. ஊசி தவறினால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் எனக்கு அவன் பத்து வயதிலேயே சொல்லியிருக்கிறார். "அக்கா, மருந்து" என்றான். இருடா என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்தேன்.

அவசரப்படவில்லை. மதர்போர்டைத் திருகி நிறுத்தினேன். பிராசஸரின் மேல் பசை தடவி விசிறியைப் பொருத்தினேன். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கட்டினேன். கடைசியாகப் புதுக் கார்டு, எங்கள் கடைக்கு வந்ததிலேயே பெரியது. மூன்று மணி நேரம் ஆனது. மருந்து அவ்வளவு நேரமும் என் முதுகுக்குப் பின்னால் கைப்பையில் இருந்தது. போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பான். தெரிந்துதான் போடவில்லை. பாதி வேலையில் அவன் மூச்சுச் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, கையிலிருந்த திருகாணியைத் தவறவிட்டால் தேடுவது கஷ்டம்.

மெஷின் முதல் தடவையிலேயே ஓடியது. திரையை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தேன். கண் திறந்துதான் இருந்தது. எப்படிடா இருக்கு என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஒன்று பிடித்துப்போய்விட்டால் அவன் அப்படித்தான், பேசவே மாட்டான்.