நைட்டியில் பஸ் ஏறிய அத்தை

கனிவையும் கண்டிப்பையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு, இவ்விழாவின் தலைமை இருக்கையை அணிசெய்யும் எங்கள் தலைமையாசிரியை கோதைநாயகி அம்மா அவர்களே! திருமண்ணும் திருநீறும் சிலுவைச் சங்கிலியுமாக முன்வரிசையில் மாலை மேகங்களைப் போல அமைதியாக அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே! கடையை அடைத்துவிட்டு எங்கள் பேச்சுக்குக் காது திறந்து வைத்திருக்கும் வணிகப் பெருமக்களே! பஞ்சை நூலாக்கி, அந்த நூலின் பலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய ஆலைத் தொழிலாளர்களே! மின்விசிறி எட்டாத பக்கத்தில் உட்கார வைத்தும் முகம் கோணாமல், முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கும் என் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் பத்தாம் வகுப்பு மாணவி பொன்மணியின் பணிவான வணக்கம்.

மூத்தோர் நாளான இன்று எனக்குத் தந்த தலைப்பு, ‘முதுமையின் மாண்பு’. தமிழாசிரியையிடம் நான் காட்டிய தாளில் ஆலமரம் இருந்தது, அனுபவம் இருந்தது, அணையாத விளக்கு இருந்தது. இப்போது என் கையில் இருப்பது அந்தத் தாள் அல்ல. மன்னியுங்கள் டீச்சர். என் குரல் நடுங்குவது ஒலிபெருக்கியின் பிழை அல்ல. நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வந்திருக்கிறேன், அதனால் நடுங்குகிறது.

மாண்பு எங்கே இருக்கிறது? மாலையில் இருக்கிறதா? மரியாதைச் சொல்லில் இருக்கிறதா? மேடை ஏற்றிப் போர்த்தும் பொன்னாடையில் இருக்கிறதா? நான் சொல்கிறேன், அது ஒரு ஜாக்கெட்டின் கொக்கியில் இருக்கிறது!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அங்கே ஓர் அம்மா சிரிக்கவில்லை, தோளைத் தடவிக்கொள்கிறார். அவருக்குத் தெரியும். அறுபது வயதில் தோள் இறுகிவிட்டால், கொக்கி மாட்டக் கை வராது. முந்தானைக்கு ஊக்குக் குத்தக் கை எட்டாது. மடிப்பைச் செருகக் குனிந்தால் இடுப்பு மறுக்கும். ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே போவதா வேண்டாமா என்பதை, வாசல் தீர்மானிப்பதில்லை, வயது தீர்மானிப்பதில்லை, ஒரு கொக்கி தீர்மானிக்கிறது.

என் அப்பாவின் அக்கா, இசக்கியம்மாள். எங்களோடுதான் இருக்கிறார். இந்த ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள், ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே நடந்தவர். சேலை நுனி இயந்திரத்தில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக இறுக்கிச் செருகி, அதன்மேல் கோட்டு மாட்டி, தலைக்குத் துணி கட்டி நடந்தவர். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது புருவத்திலும் இமையிலும் பஞ்சு பூத்திருக்குமாம். வேலையை விட்டபின் அவருக்கு மிஞ்சிய மகிழ்ச்சி ஒன்றே ஒன்று. சனிக்கிழமைதோறும் காலைப் பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் போவார். ஆண்டாளைச் சேவிப்பார், மடவார் வளாகத்துக்கு நடந்து வைத்தியநாதரைக் கும்பிடுவார், குளக்கரைக் காற்றில் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். முப்பத்தோரு ஆண்டுகள் நடந்த கால்கள் அல்லவா? ஒன்றும் செய்யாமல் இருப்பது அவற்றின் உரிமை!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தோள் இறுகியது. போன ஆண்டு, பேருந்துப் படியில் சேலை மடிப்பு காலுக்கடியில் சிக்கி விழுந்தார். அடி பெரிதில்லை, பயம் பெரிது. அதன்பின் வீட்டில் நைட்டிதான். சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக வாசலில் வந்து நின்று, அவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயின.

தாய்மார்களே, நம் ஊரில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் தெருமுனைக் கடை வரை போகலாம். பால் வாங்கலாம், பழங்கதை பேசலாம், பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்த்தும் வைக்கலாம். தெருமுனையைத் தாண்டி ஓரடி வைத்தால் மானம் போய்விடும்! அந்த ஓரடியில் என்ன இருக்கிறது? அந்த எல்லைக்கோட்டைக் கிழித்தவர் யார்? (கை தட்டுகிறீர்கள். வீட்டுக்குப் போய் என்ன சொல்லப்போகிறீர்களோ!)

ஒரு சனிக்கிழமை காலை. சஞ்சீவி மலையில் இன்னும் பனி படுத்திருந்த நேரம். அத்தை நைட்டியும் துண்டுமாகத் தெருமுனைக்குப் போய், கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நின்றார். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ் வந்து, சரியாக அவர் முன்னால் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “ஏறுறீகளா இல்லையாம்மா? செத்த சீக்கிரம்!” என்றார்.

அத்தை ஏறிவிட்டார்.

நினைத்து ஏறவில்லை. காலைத் தூக்கினார், கால் தூக்கியபடியே மேலே போனது! மடிப்பு இழுக்கவில்லை, நுனி சிக்கவில்லை. பெண்களுக்குச் சீட்டு இலவசம், ஆதலால் பணப்பை இல்லை என்ற நினைவும் வரவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பின்னாளில் அத்தை எனக்குச் சொன்னதை அவர் வாயாலேயே கேளுங்கள்.

“அந்தக் காத்து இருக்கே, கழுத்து வழியா உள்ள போயி கையி வழியா வெளிய வருதுட்டி. இடுப்புல ஒண்ணும் இறுக்கல. கண்மாயில வெள்ளக் கொக்கு பறக்கு. நானும் பறக்கேன்னு நெனச்சேன். தூங்குனேனா முழிச்சேனான்னு இன்னும் வெளங்கல. தென்னமரம் அம்புட்டும் என்னயப் பாத்துக் கைய ஆட்டுது. ஊரு வந்து, எறங்குறதுக்குக் குனிஞ்சி பாக்கேன், பூப்போட்ட நைட்டி! கையில கருவேப்பில!”

சிரியுங்கள், அத்தையும் சொல்லும்போது சிரித்தார். ஆனால் சிரிப்பு அங்கே முடியவில்லை. அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் நானும் இருந்தேன். கட்டுரைப் போட்டிக்காகத் தோழிகளோடு போயிருந்தேன். ஒருத்தி என் கையைக் கிள்ளினாள்.

“ஏட்டி, அங்க பாரேன்! அந்த ஆச்சி தூக்கத்துலயே நடந்து வந்துருச்சு போல!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவையோரே, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான். “உங்க தெருப் பக்கம் பாத்த மாதிரி இருக்கே, உனக்குத் தெரியுமா?” என்று அவள் கேட்டாள்.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

நிமிர்ந்தபோது அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தூரம் என்கிறீர்களா? இந்த மேடைக்கும் முதல் வரிசைக்கும் இருக்கும் தூரம். என் பெயரை அவர் சொல்லவில்லை. துண்டைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டார். வந்த பேருந்திலேயே திரும்பி ஏறினார்.

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குச் சாப்பாடு போடும்போதும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் தெருமுனைக்கும் போகவில்லை. எழுதப்படாத அந்தச் சட்டத்தின் எல்லைக்கோட்டை என் சிரிப்பு தெருமுனையிலிருந்து இழுத்துவந்து எங்கள் வீட்டு நிலைப்படியில் போட்டுவிட்டது.

அன்று முதல் ஒரு கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. வத்திராயிருப்புப் பக்கம் வயலில் நாற்று நடும் பெண்கள் சேலைமேல் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருக்கிறார்கள். யாராவது சிரித்தோமா? ஆலையில் அத்தை ஆண்களின் கோட்டு மாட்டி நடந்தாரே, யாராவது சிரித்தோமா? இல்லை. ஏன் இல்லை? அது வேலைக்காக! உழைக்க என்றால் ஒரு பெண் எதை வேண்டுமானாலும் உடுத்தலாம். ஓய்ந்து உட்கார, ஒரு வாய்க் காற்றை உள்ளே வாங்க என்றால் மட்டும் ஊருக்கே கண் முளைத்துவிடுகிறது. உழைப்புக்கு விட்டுக்கொடுத்த உலகம், சுகத்துக்கு விட்டுக்கொடுக்காதா? வலிக்கும் தோளுக்கு வழிவிடாதா?

சேலையைப் பழிக்க நான் வரவில்லை. சுந்தரபாண்டியத்துத் தறிச்சேலை ஐந்து அத்தையின் பெட்டியில் இருக்கிறது. எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மடித்து வைப்பார். ஆசை குறையவில்லை. தோள் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

போன மாதம் என் அம்மா ஈஸ்வரியிடம் போய், அத்தைக்கு ஒரு சுடிதார் தைக்கச் சொன்னேன். அம்மா தையல்காரர். காரணம் கேட்கவில்லை, டேப்பை எடுத்தார். அத்தை முதலில் முறைத்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

“பொத்தான முன்னாடி வையி. நாடா வேண்டாம், விரலு மடங்க மாட்டேங்கு. எலாஸ்டிக்கு போடு. கையி லூசா இருக்கட்டும். பை வைப்பியா?”

“எதுக்கு மதினி பை?”

“ஆம்பளைக எல்லாம் பைக்குள்ள கைய விட்டுக்கிட்டு நிக்காகளே. அதுல என்னதான் சொகம்னு பாக்கணும்.”

பாசிப்பச்சை நிறத்தில் அதை உடுத்திக்கொண்டு அத்தை கூடத்தில் நடந்தார். இரண்டு பைகளிலும் இரண்டு கைகள்! மழைக்கு முந்திய காற்றில் மரக்கிளை அசைவதைப் போல அசைந்து நடந்தார். அப்பா வந்துவிட்டார்.

“யக்கா, இத்தன வருசம் கட்டுன சேல இப்ப குத்துதோ?”

“ஏலே சிவபாண்டி, குத்தத்தான் செய்யிது. சொல்ல இத்தன வருசம் ஆச்சு.”

“ஊருல என்ன சொல்லுவாக?”

அத்தை அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அப்பா போனபின், கையில் இருந்த வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னார்.

“நீ அன்னைக்குச் சிரிச்சதுல எனக்கு வருத்தமில்லட்டி. கூத்துதான, யாருக்கும் சிரிப்பு வரும். தெரியாதுன்னு சொன்னே பாரு...” சொல்லி முடிக்கவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு கேட்டார்: “சனிக்கெழம நான் இதப் போட்டுக்கிட்டு பஸ் ஏறுனா, உன் சேத்தாளிக பாக்கும்போது என் பக்கத்துல நிப்பியா?”

தலைப்பு கொடுத்தால் மேடையில் ஐந்து நிமிடம் பேசும் என் வாய், வெங்காயத்தின் காரத்தைச் சாக்காக்கிக்கொண்டு எழுந்துபோய்விட்டது. அத்தை சுடிதாரை மடித்துப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

கேட்கிறவருக்குத் தனியாகச் சொல்வதா பதில்? தெரியாது என்று நான் சொன்னது நாலு பேர் முன்னிலையில். தெரியும் என்று சொல்வது நானூறு பேர் முன்னிலையில் அல்லவா இருக்க வேண்டும்?

அத்தை இங்கேதான் இருக்கிறார். வலியோடு சேலை கட்டிக்கொண்டு, தூண் பக்கம், நாலாம் வரிசையில் இருக்கிறார். அவருக்கு நான் என்ன பேசப்போகிறேன் என்று தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அவரும் இருக்கிறார். வீட்டில் எனக்கு என்ன காத்திருக்கிறதோ, அதுவும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஊர் என்ன சொல்லும் என்று அப்பா கேட்டார். அப்பா, ஊர் இதோ உட்கார்ந்திருக்கிறது! கேட்டுவிடலாம்! பெரியோர்களே, தாய்மார்களே, ஆலைக்காக இறுக்கிக் கட்டிய ஓர் உடம்பு, இனித் தனக்காகத் தளர்த்திக்கொள்ளட்டுமா? அறுபத்திரண்டு வயதில் ஒரு பெண் பாசிப்பச்சைச் சுடிதாரில், இரண்டு பைகளிலும் கைவிட்டு, ஆண்டாளைப் பார்க்கப் போகட்டுமா? கை தட்ட வேண்டாம். அவரைத் தூக்கிப் புகழவும் வேண்டாம். பேருந்தில் பார்த்தால், எல்லோரிடமும் கேட்பதுபோல, “கோயிலுக்கா?” என்று கேளுங்கள். அது போதும். திரும்பித் திரும்பிப் பார்க்காத கண்களைப் போன்ற மெல்லிய ஆடையை எந்தத் தறியும் இதுவரை நெய்யவில்லை.

தோழிகளே, உங்களுக்கும் சொல்கிறேன். அன்று நாம் பார்த்துச் சிரித்தவர் இசக்கியம்மாள். எனக்குத் தெரியும். என் அத்தை.

அத்தை, நீங்கள் கேட்டதற்குப் பதில்: நிப்பேன். பக்கத்துலயே நிப்பேன். வார சனிக்கெழம போவோமா?

அத்தை எழுந்து நிற்கிறார்... சரியென்று தலையை ஆட்டுகிறார்.

என் நடுக்கத்தையும் பொறுத்து, நேரம் கடந்ததையும் பொறுத்து, மணி அடிக்காமல் இருந்த தலைமையாசிரியை அம்மாவுக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சிரிக்கக் கூடாத இடத்தில் மௌனமாக இருந்த உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் தோள்கள் நலமாக இருக்கட்டும். வணக்கம்.