மாதுமைக்கு நான் தேர்ந்தெடுத்த சொற்கள்

காலையில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் இல்லாவிட்டால் எனக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடாது. புனிதவதி அக்கா, இது உங்களுக்கும் தெரியும். கோலா கங்சாரிலிருந்து ஈப்போவுக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாதுமையின் சொதியை நீங்களும் இரண்டு கரண்டி கூடுதலாகத்தான் ஊற்றிக்கொள்வீர்கள். ஆகவே நடந்ததை எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்டபோது, எங்கிருந்து தொடங்குவது என்று நான் யோசிக்கவே இல்லை. சொதியிலிருந்துதான்.

அப்பா போன பிறகு தங்கை மாதுமைக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வரன்களைக் கொண்டுவந்தது நீங்கள். பயோடேட்டாவோடு போகும் ஆங்கிலக் கடிதத்தை எழுதியது நான். மலேசியாவில் இருக்கும் நம் யாழ்ப்பாணத்து ஆட்கள் சாதகத்தைக்கூட மேலோட்டமாகப் பார்ப்பார்கள். பெண்ணின் அண்ணன் எழுதிய ஆங்கிலத்தை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படிப்பார்கள். பிடிக்காவிட்டால் காரணம் சொல்வதில்லை. பதில் போடாமல் விட்டுவிடுவதுதான் மரியாதை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த எனக்கு இந்த வழக்கம் மிகவும் வசதியாக இருந்தது.

முதல் வரன் கிள்ளான் இன்ஜினியர். மாதுமைக்கு அப்போது முப்பத்து மூன்று. ‘ஸ்லிம்’ என்று டைப் அடித்தேன். மெலிந்த அழகு என்று பொருள். அன்று காலைச் சொதி வழக்கத்தைவிட நன்றாக வந்திருந்தது. இவள் கிள்ளானுக்குப் போய்விட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. ஸ்லிம்மை அழித்துவிட்டு ‘ஸ்கின்னி’ என்று போட்டேன். எலும்பும் தோலும் என்று பொருள். உடம்பு அதேதான், ஒரு கிலோகூட நான் குறைக்கவில்லை. பதில் வரவில்லை.

இரண்டாவது, சிரம்பான் வக்கீல். அவருக்கு மாதுமை ‘திரிஃப்டி’ அல்ல, ‘ஸ்டிஞ்சி’. சிக்கனக்காரிக்கும் கஞ்சப்பிசினாறிக்கும் நடுவில் இருப்பது பார்க்கிறவர் மனசுதானே. அவள் பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயப்போடுவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். மூன்றாவது, காம்பாரில் விரிவுரையாளர். அவருக்கு ‘கியூரியஸ்’ என்று எழுதாமல் ‘நோஸி’ என்று எழுதினேன். அறிய ஆசைப்படுகிறவள், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் ஆகிவிட்டாள். பொய் என்று ஒரு சொல் எழுதவில்லை, அக்கா. ஒரே பொருளில் இரண்டு சொல் கிடையாது என்று வகுப்பில் வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். அதைத்தான் வீட்டிலும் கடைப்பிடித்தேன்.

“பதில் வந்ததோ அண்ணா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். “இன்னும் இல்லையம்மா” என்பேன். நாலாவது வரனுக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கோயிலுக்குப் பட்டுச் சேலை கட்டுவதையும் விட்டாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நிற்பாள்; வெளியே வந்து ஒன்றும் பேசாமல் தேங்காய் துருவுவாள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கும் ஒரு சரியான சொல் வேண்டுமே. ‘குவாயட்’ என்றால் அமைதியானவள், அது பெண்ணுக்கு நல்ல பெயராகிவிடும். ‘சல்க்கி’ என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருப்பவள். அடுத்த மூன்று கடிதங்களிலும் சல்க்கி போனது.

எட்டாவது வரனை நீங்கள் கொண்டுவரவில்லை. விக்னேஸ்வரன் தானாகவே வந்தார். மாதுமை வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் அவரும் வேலை. தாத்தா பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிஸ்கட் டின்னோடு வாசலில் நின்று, “சார், நான் மாதுமைய கட்டிக்க ஆசப்படுறேன், உங்கள கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். நான் முறைப்படி உட்கார வைத்து, ஏழு கடிதங்களின் சரக்கையும் சேர்த்துக் காரமாக ஒன்று எழுதி, பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பார், பிறகு சத்தம் காட்டாமல் ஒதுங்கிவிடுவார் என்று எண்ணினேன். நம் ஆட்கள் அப்படித்தானே. அவருக்கு அந்தப் பழக்கம் தெரியவில்லை. மாதுமை தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

“ஸ்டபர்ன். பிடிவாதம்தானே? ஆமாலா சார், மெசின் கெட்டுப்போச்சுன்னா சரி பண்ணாம வீட்டுக்கே போக மாட்டாங்க. பாஸி. அதிகாரமா? எங்க டாக்டரே இவங்களப் பாத்தா பயப்படுவாரு லா.” சிரித்துக்கொண்டே வந்தவர் ஒரு சொல்லில் நின்றார். “சல்க்கி. இத நான் லேப்ல பாத்ததே இல்லையே. வீட்டுல மட்டும்தான் இப்படி இருக்காங்களா? ஏன்னு கேட்டீங்களா சார்?”

மாதுமை தேநீர்க் கேத்தலை மேசையில் வைத்தாள். “எல்லாருக்கும் இதையோ அண்ணா எழுதினனீங்கள்?”

இல்லை, ஆளுக்குத் தகுந்தபடி சொல்லை மாற்றினேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் அழவில்லை. கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

போன மாதம் பதிவுத் திருமணம் முடிந்தது. இப்போது புந்தோங்கில் இருக்கிறாள். எட்டு வருடம், ஏழு வரன்கள். ஏழையும் கலைத்தது நான்தான். உங்கள் பேரில் ஒரு குற்றமும் இல்லை, அக்கா. இதைச் சொந்தக்காரர்களிடம் தாராளமாகக் காட்டலாம்.

போகும் முன் எனக்குக் காலைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். கலாதேவி என்ற பெண் சமைத்துக் கொண்டுவருகிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது; அதனால் என்னைப் பற்றி மாதுமை அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். நேற்று கலாதேவி அதைப் போனில் காட்டினாள். அண்ணா சாப்பாட்டு விஷயத்தில் ‘பர்ட்டிகுலர்’, பழக்கத்தில் ‘ரிசர்வ்டு’, தங்கை மேல் மிகவும் ‘அட்டாச்ட்’, தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள். அதாவது பார்த்துச் சாப்பிடுகிறவர், அளவாகப் பேசுகிறவர், பாசமானவர்.

மூன்றுமே தவறான தேர்வு. குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறவனுக்கு ‘ஃபஸி’ என்றும், நெஞ்சில் ஈரமில்லாதவனுக்கு ‘கோல்டு’ என்றும், விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறவனுக்கு ‘பொசெசிவ்’ என்றும் துல்லியமான சொற்கள் இருக்கின்றன. கடிதம் அவள் கையிலேயே இருந்தும், என் கூடவே இத்தனை வருடம் இருந்தும், பாவம், இந்த வித்தியாசங்கள் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.