டம்ளர் சார் மாட்டிய கடைசிச் சிவப்பு அட்டை

மேடையில் இருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, நம் மாத்திரைகளை நம்பி வாங்கும் மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் சாருடைய மனைவி, எங்கள் அண்ணி அவர்களே, அவர்களின் மகளே, ஷிப்டு முடிந்து உடைகூட மாற்றாமல் வந்து நிற்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தில் என்னை முதலில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவேன்? நம் தரக் கட்டுப்பாட்டுத் தலைவரை, நம் டம்ளர் சாரை, 'இருந்தார்' என்று சொல்ல நாக்கு மறுக்கிறது. அவருக்கு அடுத்த நாற்காலியில் இத்தனை காலம் உட்கார்ந்தவன் நான். போன வாரம் ஆய்வக வாசலில் மார்பைப் பிடித்துக்கொண்டு அவர் சாய்ந்தபோது தாங்கிப் பிடித்தவனும் நான்தான்.

ஏன் அந்தப் பெயர்? மாத்திரை கரைவதைச் சோதிக்க நம்மிடம் இயந்திரம் இருக்கிறது. அது சரி என்று சொன்ன பிறகும் மனிதர் விடமாட்டார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, மாத்திரையைப் போட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். "என்ன சார், மீன் பிடிக்கிறீங்களா?" என்று நான் கேலி செய்யாத நாள் உண்டா? "கொஞ்சம் பொறுய்யா. மெஷினுக்கு வியாதி வராது, நமக்குத்தான் வரும்" என்பார்.

தகரக் கூரைக்குக் கீழே ஒற்றை இயந்திரத்தோடு தொடங்கிய கம்பெனி இது! காப்புரிமை முடிந்த மருந்துகளை அதே வீரியத்தில், எளியவர் வாங்கும் விலையில் செய்து, இன்று கப்பல் கப்பலாக அனுப்புகிறது. ஆர்டர் குவியக் குவிய நாமெல்லாம் ஓடினோம். நமக்குப் பிரேக் போட்டது யார்? அவர்! சந்தேகம் தட்டினால் சரக்கின் மேல் சிவப்பு அட்டை மாட்டிவிடுவார். அதை அவரே கழற்றினால்தான் சரக்கு வெளியே போகும்.

ஒருமுறை சர்க்கரை நோய் மாத்திரை. லாரி வாசலில் உறுமிக்கொண்டிருக்கிறது, இவர் அட்டையை மாட்டிவிட்டார். தயாரிப்புப் பிரிவுத் தலைவர் தாம்தூம் என்று குதித்தார். இதோ எதிரே இருக்கிறார், கோபிக்க மாட்டார். கடைசியில் பார்த்தால், கலவை இயந்திரத்தின் ரப்பர் வளையம் தேய்ந்து மருந்து மாவில் துகள் விழுந்திருந்தது. எத்தனை வயிறுகள் தப்பின! ஆனால் இன்னொரு முறை, தண்ணீரில் ஏதோ மிதக்கிறது என்று நிறுத்தி ஆலையையே உலுக்கினார். அது அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசி. அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

இதை ஏன் சொல்கிறேன்? சாய்வதற்குச் சற்று முன் அவர் மாட்டிய அட்டை இன்னும் கிடங்கில் தொங்குகிறது. வலிப்பு நோய்க்கான மாத்திரை. ஏன் மாட்டினார்? யாரிடமும் சொல்லவில்லை! எல்லாச் சோதனைகளையும் திரும்பத் திரும்பச் செய்தோம். எல்லாம் சரியாகவே வருகிறது. இது அன்றைய ரப்பர் துகளா, மூக்குக் கண்ணாடித் தூசியா? எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கிறது.

அண்ணியைக் கேட்டேன். "அன்னைக்குக் காலையிலகூட வீட்டு டம்ளர்ல அந்த வலிப்பு மாத்திரை ஒண்ணு போட்டுப் பார்த்தாருப்பா. 'நல்லாத்தான் கரையுது, ஆனா...'ன்னாரு. அதுக்குள்ள போன் வந்துச்சு, எழுந்து போயிட்டாரு." ஆனா என்ன சார்? ஆனா என்ன?

டாக்டர் அம்மா வந்ததும் கேட்டார்: "ஸ்டாக் தீரப்போகுது. மாத்திரை நின்னா பேஷன்ட்டுக்கு வலிப்பு திரும்பிடும். எப்ப அனுப்புவீங்க?" நியாயமான கேள்வி. நிறுவனத் தலைவர் என் தோளில் கை வைத்து, "நீயே பார்த்து முடிவு பண்ணுப்பா" என்றார். அனுப்பினாலும் பயம், அனுப்பாவிட்டாலும் பயம். இனி கையெழுத்து என்னுடையதாம்!

அவருடைய மகளுக்கும் அந்த நோய் உண்டு. மேடையில் சொல்லலாம் என்று அவளே அனுமதி தந்தாள். சின்ன வயதிலிருந்து நம் மாத்திரையைச் சாப்பிட்டுத்தான் படித்தாள், இன்று கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அப்பா நிறுத்தி வச்ச மாத்திரையை நான் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். எல்லாச் சோதனையும் சரி என்று தெரிந்தும், 'சாப்பிடும்மா' என்ற ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

தோழர்களே, என் உறுதிமொழி இதுதான். முந்தைய சரக்கில் மிஞ்சியதைத் திரட்டி நாளையே மருத்துவமனைக்கு அனுப்புவோம். போதாவிட்டால் மாத்திரை கேட்டு நம் போட்டிக் கம்பெனியின் வாசலில் நானே போய் நிற்பேன், மானம் பார்க்கமாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் 'சாப்பிடும்மா' என்று சொல்ல முடிகிறவரை, அந்தச் சிவப்பு அட்டையில் யார் கையும் படாது. வெறும் தூசிதான் என்று முடிந்தாலும் சரி!

சார், உங்கள் டம்ளரைக் கழுவி என் மேஜைமேல் வைத்திருக்கிறேன். நாளைக் காலை தண்ணீர் பிடித்து, மாத்திரையைப் போட்டு, உங்களைப்போலவே உட்காரப்போகிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்லாமல் போய்விட்டீர்கள்.