வலது கத்தியின் வெளிவிளிம்பு

என் அறைக்கு நல்ல வெளிச்சம். எங்கள் பனிச்சறுக்குக் கூடத்தில் ஜன்னல் உள்ள அறைகள் இரண்டுதான். ஒன்றில் இயக்குநர் இருக்கிறார், மற்றொன்றில் நான் சறுக்குக் காலணிகளின் கத்திக்குச் சாணை பிடிக்கிறேன்.

இங்கே எது நடந்தாலும் சம்பந்தப்பட்ட எல்லோரும் விளக்கக் கடிதம் எழுதித் தர வேண்டும். குழாய் உடைந்தாலும் எழுத வேண்டும், ஒரு பெண் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாலும் எழுத வேண்டும். செயலாளர் அம்மாள் தாளை என் மேஜையில் வைத்து, "ரெண்டு வரி போதும், தெமியானிச். கத்தி சரியா இருந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நான் சாப்பிடப் போகணும்" என்றார். அந்த இரண்டு வரி எனக்கு வரவில்லை. அதனால், மதிப்பிற்குரிய விசாரணைக் குழுவினருக்கு, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உல்யானா கொலோசவா ஆறு வயதில் இங்கே வந்தாள். இப்போது பதினைந்து. இந்த ஒன்பது வருடமும் அவள் கத்தியை என்னைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. மற்றப் பெண்கள் சறுக்கும்போது வாணலியில் சூரியகாந்தி விதை வறுக்கிற சத்தம் கேட்கும். உல்யா ஒருமுறை உந்தினால் பாதித் தளம் போய்விடுவாள்; பட்டுத் துணியைக் கத்தரிக்கோல் ஒரே ஓட்டமாக வெட்டுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். கல் பதிக்காத கருநீல உடையில் அவள் வளைந்து திரும்பும்போது, பார்வையாளர் மாடத்தில் இருக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பத்திரிகை அவளைப் 'பனியில் எழுதுகிறவள்' என்றது. அந்த எழுத்துக்குக் கூர் சீவியவன் நான்.

பயிற்சியாளர் ரிம்மா லிவோவ்னாவுக்கும் இதெல்லாம் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. ஒருநாள் என் அறை வாசலில் நின்று சொன்னார்: "அழகுக்குக் கைதட்டல் கிடைக்கும், தெமியானிச், அணியில இடம் கிடைக்காது. இன்னும் ரெண்டு வருஷத்துல உடம்பு கனத்துடும். இந்தக் குளிர்காலத்துல காத்துல நாலு சுத்து சுத்தி எறங்கலன்னா, அப்புறம் சர்க்கஸ்ல கரடியோடதான் சறுக்கணும்." அவர் கணக்கில் பிழை இல்லை. நடுவர்களின் மதிப்பெண் தாளிலும் அப்படித்தான் இருந்தது.

நான்கு சுற்றுத் தாவலுக்கு உல்யா தயாராவதை இரண்டு வாரம் பார்த்தேன். தாவுவதற்கு முன் அரைத்தளம் தோளை இறுக்கிக்கொண்டு போவாள். அந்த அரைத்தளம் முழுவதும் அவள் சறுக்கவில்லை, காத்திருந்தாள். பட்டு வெட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. இது தொடர்ந்தால் அவளிடம் இருப்பதும் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. யாராவது ஒருவர் இதை நிறுத்த வேண்டும், அதையும் சத்தமில்லாமல் நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

கத்தியின் அடிப்பாகம் தட்டையானது அல்ல. நடுவில் ஒரு பள்ளம் ஓடும், அதன் இருபுறமும் இரண்டு விளிம்புகள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். சிறு இரும்புச் சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்துப் பார்ப்போம். அது சாயாமல் நின்றால் வேலை சரி. உல்யா எந்தத் தாவலில் இறங்கினாலும் வலது காலில்தான் இறங்குவாள், பின்னோக்கி, வெளிவிளிம்பின் மேல். ஆகவே வலது கத்தியின் வெளிவிளிம்பை ஒரு முடி அளவு தாழ்த்தினேன். சாணையில் கத்தியைப் பிடித்திருக்கும் பிடிப்பானின் திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். மெதுவாகச் சறுக்கும்போது கணுக்கால் அதைச் சமாளித்துவிடும். நான்கு சுற்றின் வேகத்தில் இறங்கும்போது கத்தி பிடிக்காது.

அவள் விழுந்தாள். விழ வேண்டிய அளவுக்குத்தான் விழுந்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கத்தி என்னிடம் வரும். அதற்குள் அவள் கணுக்கால் புதிய சாய்வைப் பழகியிருக்கும், நல்ல கணுக்கால். பழகிய பிறகு இன்னும் ஒரு முடி தாழ்த்துவேன்.

டிசம்பரில் அவளே வந்தாள். எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் எப்போதும் வருவாள், என் தொத்திறைச்சி ரொட்டியை மோந்து பார்க்க. "நீங்க சாப்பிடுங்க மாமா, நான் வாசனையைச் சாப்பிடுறேன். வாசனைக்கு எடை கிடையாது" என்பாள். அன்று ரொட்டியைப் பார்க்கவில்லை.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. கத்தியில ஏதாச்சும் கோளாறு இருக்குமா? எறங்கும்போது கீழே ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

நான் கத்தியை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். சட்டத்தைக் குறுக்கே வைத்தேன். அது சாய்ந்து நின்றது. என் முதுகு அவள் பக்கம் இருந்தது.

"கத்தி சரியாத்தான் இருக்கு. நீதான் பயப்படுற" என்றேன்.

அவள் காலணியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு, "கத்தி மேல பழியப் போடலாம்னு வந்தேன், அதுவும் போச்சு" என்று சிரித்தாள். நன்றி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மறுநாளிலிருந்து ரிம்மா லிவோவ்னா எல்லோர் எதிரிலும் அவளைக் கோழை என்று கூப்பிட்டார். உல்யா மறுத்துப் பேசவில்லை. நான் சொன்னதையே அவரும் சொன்னதால் நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன். பயம் போகட்டும் என்று ஒரு நாளைக்கு முப்பது முறை தாவத் தொடங்கினாள். தாவலைக் கைவிடுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். கோழைகள் கைவிடுவார்கள்.

ஜனவரி பதினேழு காலையில் அது நடந்தது. நான் தடுப்புப் பலகை ஓரமாக நின்றிருந்தேன். உயரம் சரியாக இருந்தது, சுற்றுகள் நான்கும் முடிந்தன. கத்தி தொட்டது, பிடிக்கவில்லை. இடுப்பெலும்பு சேர்ந்ததும் நடக்கலாம் என்கிறார் மருத்துவர். சறுக்குவதைப் பற்றி அவரை யாரும் கேட்கவில்லை.

காலணிகளை என்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள், பத்திரமாக வைக்கச் சொல்லி. அன்றே இரண்டு விளிம்பையும் சமமாக்கிவிட்டேன். உங்கள் நிபுணர் வந்து சட்டத்தை வைத்துப் பார்த்தார், அது சாயவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தையும் என் வேலைக் குறிப்பேட்டையும் தவிர வேறு சாட்சி இல்லை. ரிம்மா லிவோவ்னா தன் கடிதத்தில், பிள்ளையை விரட்டியது தன் தவறு என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அது வேண்டாம்.

உல்யாவின் அம்மா தொலைபேசியில் பேசினார். "குழுவிலேருந்து வந்து கேட்டாங்களாம். மாமா சாணை பிடிச்ச கத்தியில தப்பே இருக்காதுன்னு சொல்லிட்டாளாம். உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதாம், அதான் அவ கவலை" என்றார். நான் நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவளுடைய சறுக்கலைக் காப்பாற்றத்தான் இதைச் செய்தேன். இந்த வாக்கியத்தோடு முடித்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் எந்த நாளில் தொடங்கினேன் என்பதும் இருக்க வேண்டும் என்று, நேற்று வேலைக் குறிப்பேட்டைப் புரட்டினேன். நான்கு சுற்றை உல்யா முதன்முதலாக முயன்றது அக்டோபர் இருபத்தொன்று. 'வலது, வெளி, ஒரு முடி' என்று முதல் பதிவு இருப்பது செப்டம்பர் ஒன்பதில்.

செப்டம்பர் ஒன்பது எனக்கு நினைவிருக்கிறது. அன்று மாஸ்கோவின் பயிற்சிப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்திருந்தது: நான்கு சுற்றோடு வந்தால் வசந்தத்தில் அவளை அங்கேயே சேர்த்துக்கொள்வார்கள். உல்யா படியேறி ஓடிவந்து என்னிடம்தான் முதலில் சொன்னாள். "அங்க சாணை பிடிக்கத் தனியா ஆள் வெச்சிருக்காங்களாம் மாமா, ரொம்ப நல்லாப் பிடிப்பாராம். நீங்க எனக்காகக் கவலையே படாதீங்க" என்றாள். நான் வாழ்த்தினேன். அவள் காலணிகளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

தேதியைத் தவறாகக் குறித்திருப்பேனோ என்று யோசித்துப் பார்த்தேன். நான் தேதியைத் தவறாகக் குறிக்கிறவன் அல்ல.