வால் ஒம்பது நாப்பது, தலை எட்டு நாப்பது

இல்ல மேடம், வாலும் தலையும் ஒரே பறவையோடதுதான். சத்தியமா. ரெண்டு ஆள்காட்டியப் புடிச்சு ஒட்டு வேலை பண்ற அளவுக்கு எனக்கு மூளை இருந்தா, நான் ஏன் நாப்பது வருஷம் லாப்ஸ்டர் கூண்டு இழுத்துக்கிட்டுக் கெடந்தேன்?

உக்காருங்க. அந்தக் கோட்ட இப்படிக் குடுங்க. டீ ஆறுது பாருங்க. பிஸ்கட் ஹேசல் சுட்டது, என் பொண்டாட்டி. நான் நின்னுக்கிட்டே பேசறேன், உக்காந்தா எனக்குப் பேச்சு வராது. ஜன்னல் மேல வேற ஒரு கண்ணு இருக்கணும். மூணு மணிக்கு மச்சான் டீ குடிக்க வந்துருவார். அதுக்குள்ள இத முடிச்சுடுவோம். அவர் முன்னாடி இந்த ஒட்டு வேலைப் பேச்சு மட்டும் வேண்டாம்.

யாரா? கார்லைல்தான். உங்க பறவைக் கமிட்டிக்கு நான் அனுப்பின ஃபாரத்துல பேரு இருக்கே. ஹேசலோட அண்ணன், பக்கத்து வீடு.

சரி, மொதல்லேருந்து சொல்றேன். நவம்பர் பன்னெண்டு. மூணு நாளா கிழக்குக் காத்து, ஃபெர்ரி கூட ஓடல. லைட்ஹவுஸ் பக்கத்துப் புல்வெளியில நாங்க ரெண்டு பேரும் நிக்கறோம், ஆளுக்கொரு கேமரா. ஐரோப்பாவுல இருக்க வேண்டிய கொண்டை ஆள்காட்டி, காத்துல அடிச்சுக்கிட்டு கடல் தாண்டி இந்தத் தீவுல வந்து நிக்குது. முப்பது வருஷமா மச்சான் காத்துக்கிட்டிருந்தது இதுக்குத்தான். அவர் அமுக்கினார், படத்துல பறவையோட பின்பாதி விழுந்துச்சு. அதே நொடி நான் ஒத்தக் கையால அமுக்கினேன், முன்பாதி. அவ்வளவுதான், பறந்துருச்சு. ஏன் ஒத்தக் கையா? இன்னொரு கைக்கு வேற வேலை இருந்துச்சு. அத விடுங்க.

லைப்ரரி கம்ப்யூட்டர்ல உக்காந்து ரெண்டையும் ஒட்டினேன். ரெக்க ரெண்டு படத்துலயும் இருக்கறதால தச்ச மாதிரி சேந்துக்கிச்சு. அந்த ஃபைல உங்க ஃபாரம் வாங்க மாட்டேன்னுச்சு. சரின்னு ஜேபெக்கா மாத்தினேன். மாத்தினேனா, உள்ள இருந்த விவரமெல்லாம் போச்சு. தேதி, நேரம், எடம், யாரு கேமரா, எல்லாம் காலி. அதெல்லாம் ஒரு படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்குங்கறதே நீங்க லெட்டர் போட்டப்பறம்தான் எனக்குத் தெரியும்.

லைப்ரரியில வேலை பாக்கற அம்மாதான் அப்பறம் சொல்லிக் குடுத்தாங்க. ஒட்டும்போது எந்தப் படத்த மொதல்ல வெக்கறோமோ அதோட விவரம்தான் மிஞ்சுமாம். மாத்தும்போது ஒரு கட்டத்துல டிக் போட்டா அதுவும் கூடவே வந்துருமாம். மறுபடி ஒட்டினப்ப நான் மச்சான் படத்த மொதல்ல வெச்சேன். வேணும்னேதான் மேடம், மறைக்கல. அவர் கேமராவுல அவர் பேரு பதிஞ்சிருக்கு. அந்தப் பேரு மிஞ்சட்டும்னு வெச்சேன்.

அப்பத்தானே நீங்க ரெண்டு அசலையும் கேட்டீங்க? வால் ஒம்பது நாப்பதுக்கு, தலை எட்டு நாப்பதுக்கு! தலைய முன்னாடி அனுப்பிட்டு வால் ஒரு மணி நேரம் கழிச்சு வந்துச்சான்னு எழுதியிருந்தீங்களே, அதப் படிச்சு ஹேசல் ரெண்டு நாளா சிரிக்கறா.

விஷயம் ஒண்ணுமில்ல. நவம்பர் பொறந்தா கடிகாரத்த ஒரு மணி பின்னாடி தள்றோம்ல? என் கேமராவுல தள்ளினேன். அவரோடதுல தள்ளல. அது இன்னும் கோடைக்கால நேரத்துல ஓடிக்கிட்டிருக்கு.

நான் தள்ளியிருக்கலாம்தான். அந்தக் கேமராவ அவர் யாரையும் தொட விடமாட்டார். அவரே தள்ளலாமா? தள்ளலாம். தள்ளல.

என்னது? அவர் கேமரா கார்டுல இருந்த மத்த படமா? முழு கார்டையும் அனுப்பினது என் தப்பு. வெறும் வானமா இருக்கா? இருக்கும். ரெண்டு வருஷமா அவர் அப்படித்தான் எடுக்கறார்.

ஒரு நிமிஷம். இல்ல, இன்னும் வரல. கயிறு ஆடல. எந்தக் கயிறா? அவர் கதவுலேருந்து என் கதவு வரைக்கும் கட்டியிருக்கேன், பழைய கூண்டுக் கயிறுதான். பனியில வழுக்கும்ல.

என் பேரையே போட்டுக்கவா? கொண்டைதான் அடையாளம், கொண்டை என் படத்துலதானே இருக்குங்கறீங்க. புரியுது மேடம். ஆனா கண்டுபிடிச்சது நான் இல்லையே! நான் பாட்டுக்கு ஃபிளாஸ்க் மூடியத் தேடிக்கிட்டிருந்தேன். அவர்தான் சட்டுனு நின்னார். டேய் எல்வுட், வாய மூடு, அது நம்ம ஊரு சத்தம் இல்லன்னார். எனக்குப் பூனக்குட்டி கத்தின மாதிரிதான் இருந்துச்சு. ஆள்காட்டிடான்னார். முப்பது வருஷமா டேப்புல கேட்டுக் கேட்டுத் தேஞ்ச சத்தம் அவருக்கு. கைய நீட்டினார் பாருங்க, விரலுக்கு நேரா நிக்குது. அவர் இல்லேன்னா நான் அத மிதிச்சுட்டுப் போயிருப்பேன்.

உங்க ஃபாரத்துல முதலில் பார்த்தவர்னு ஒரு கட்டம் இருக்கு. முதலில் கேட்டவர்னு இல்ல. நான் வேற என்னதான் எழுதறது, சொல்லுங்க?

அய்யோ, கயிறு ஆடுது. வர்றார். சட்டுனு சொல்லிடறேன். அவருக்குப் பார்வ போயி ரெண்டு வருஷமாச்சு மேடம். சுத்தமா இல்ல. இன்னொரு கைன்னு கேட்டீங்களே, அது அவர் தோள் மேல இருந்துச்சு. கொஞ்சம் எடது, கொஞ்சம் கீழ, இப்ப அமுக்குங்க மச்சான்னேன். இன்னும் ஒரு விரக்கட எடதுன்னு சொல்லியிருந்தா அவர் படத்துலயே தலை விழுந்திருக்கும். அவசரத்துல நான் சொல்லல. ராத்திரி பகலா அது ஒண்ணுதான் எனக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு. அவர்கிட்ட முழுப் பறவையும் விழுந்துச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். தெனம் டீ குடிக்கும்போது கேப்பார், நானும் தெனம் சொல்லுவேன்.

பேரு குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். அந்த ஒட்டின படத்த மட்டும் கையில வெச்சுக்குங்க, மத்ததெல்லாம் பைக்குள்ள போட்டுடுங்க. படியேறிட்டார்.

வாங்க மச்சான். கால மிதிச்சு உதறிட்டு வாங்க, ஹேசல் கத்துவா. கமிட்டிலேருந்து மேடம் வந்திருக்காங்க. ஆமா, உங்க படத்தப் பத்திதான். நான் சொன்னா நீங்க நம்பவா போறீங்க? படம் அவங்க கையிலதான் இருக்கு, அவங்களையே கேளுங்க.

மேடம், கேக்கறார்ல. தலை எப்படி வந்திருக்குன்னு சொல்லுங்க.